காற்றுக்குப் போட்ட குழாய்

எனக்குக் கைவேலை தெரியும் என்று நம்பியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அது நான்தான். பகலெல்லாம் அலுவலகத்தில் கோப்புகளுக்கு நூல் கட்டிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்ததும் பழைய சைக்கிள், ஸ்கூட்டர், தகரப் பெட்டி என்று எது அகப்பட்டாலும் சுரண்டி உப்புத்தாள் தேய்த்துப் பெயின்ட் அடிப்பேன். பிரஷ்ஷால் அடித்துக்கொண்டிருந்தவரை ஊருக்கு ஆபத்தில்லை. சைக்கிள்தான் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில், கோரிப்பாளையத்தில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் பாய் தன் கடைக்குப் புதிதாகக் காற்று மிஷின் வாங்கினார். பழையது மூலையில் கிடந்தது. அதை நான் கேட்டு வாங்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, பாலத்தைக் கடந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இனிமேல் ஸ்பிரே கன்தான், பிரஷ்ஷைத் தொடுவதில்லை என்று சபதம் வேறு. பன்றிக்குட்டி அளவுக்கு இருக்கும் என்று நினைத்துப் போனேன். வந்து இறங்கியது கன்றுக்குட்டி.

நாங்கள் குடியிருந்தது ஒரு வளவு. ஒரே வாசல், நீளமான நடை, நடையின் ஒரு பக்கம் வரிசையாக ஆறு வீடுகள், மறுபக்கம் காம்பவுண்டுச் சுவர். சுவரோரம் நடுவில் ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கார்ப்பரேஷன் குழாய். அதில் ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணீர் வரும். வராமலும் இருக்கும். மூன்று மணிக்கே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். செங்கல்லுக்கும் குடத்துக்குள்ள மரியாதை உண்டு.

வீட்டுக்காரர் வெளியூரில் இருந்ததால் வளவுக்கு அரசாங்கம் முதல் வீட்டு அக்காதான். மிஷினைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு உத்தரவு போட்டார்.

"சத்தம் போடுற சாமான் கடைசில, உங்க வீட்டுப் பக்கமே இருக்கட்டும். நாத்தம் அடிக்கிற வேலைய வாசல்ல வச்சுக்கங்க. நடுவுல எங்கள நிம்மதியா விட்ருங்க."

நியாயமான உத்தரவு. ஆனால் மிஷினுக்கும் வாசலுக்கும் இடையில் நாற்பது அடி. ரப்பர் டியூபைத் தரையில் போட்டால் குடத்தோடு வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள். அதனால் சுவரில் குழாய் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

இந்த நேரம் பார்த்து என் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். கீழக்குயில்குடிப் பக்கம் அவனுக்குக் கிணறும் வயலும் இருந்தன. மோட்டாருக்குப் போட்டதில் மிச்சமான பிளாஸ்டிக் குழாய்கள் அவன் களத்தில் இரண்டு கோடை வெயில் காய்ந்து கிடந்தன.

"இரும்புக் குழாய்க்கு எதுக்கு மச்சான் அலையுறீங்க? இதக் கொண்டுபோங்க. துருப் பிடிக்காது, ரம்பத்தால அறுக்கலாம், பசை தடவி ஒட்டலாம். உங்களுக்கே ஒட்ட வரும்னா பாத்துக்கங்க."

"காத்தத் தாங்குமா மாப்ள?"

"அஞ்சு குதிரை மோட்டார் தள்ளுற தண்ணிய இது தாங்குது. உங்க காத்துக்கு என்ன, கொம்பா முளைச்சிருக்கு?"

குழாயின் மேலேயே பத்து என்று அச்சடித்திருந்தது. பத்து கிலோ அழுத்தம் தாங்கும் என்று அர்த்தம். என் மிஷினின் முள் எட்டைத் தாண்டாது. பத்தில் எட்டு போக மிச்சம் இரண்டு. இந்தக் கழித்தல் கணக்கை நான் இரண்டு தடவை போட்டு, இரண்டு தடவையும் சரியாக வந்ததில் மிகவும் திருப்தி அடைந்தேன். அந்தப் பத்து எதற்கான பத்து என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் தப்பான முனையில் மூடியை ஒட்டி வீணாக்கிய ஒரு துண்டு போக, மீதியெல்லாம் சுவரில் ஆணியடித்து, தலை உயரத்துக்கு, நேர்க்கோடாகப் போய்ச் சேர்ந்தது. நடுவில் கார்ப்பரேஷன் குழாய்க்கு மேலாகவே போயிற்று. வாசல் முனையில் அடைத்துத் திறக்க ஏதாவது வேண்டுமே என்று, வீட்டில் கிடந்த ஒரு பித்தளைத் தண்ணீர்க் குழாயைத் திருகி வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை வெளியே வந்தால், அந்தப் பித்தளைக் குழாய்க்குக் கீழே நாலு குடமும் இரண்டு செங்கல்லும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"அக்கா, இது தண்ணிக் குழாய் இல்ல. காத்துக் குழாய்" என்றேன்.

முதல் வீட்டு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "காத்து சும்மாதான வெளிய கெடக்கு. அதுக்கு எதுக்குக் குழாயி?"

"பெயின்ட் அடிக்கக்கா."

"பெயின்ட் அடிக்கிறதுக்குத் தண்ணித் திருகாணி எதுக்கு? எங்க கண்ணு முன்னாடியே தனி லைன் இழுத்துட்டு, எங்களுக்குக் காத்துன்னு கதை விடுறீங்களோ."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வளவில் என் வார்த்தைக்கு மதிப்பில்லாமல் போனதற்கு நானே காரணம். வீட்டுக்காரர் வாடகையைக் குறைத்துவிட்டார் என்பேன், நாளையிலிருந்து குழாயில் மோர் வரப்போகிறது என்பேன். அவர்கள் நம்பி முகம் மலர்ந்ததும் சிரிப்பேன். அப்படிச் சிரித்த சிரிப்பெல்லாம் அன்றைக்கு என்னை எதிர்த்து நின்றது.

சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று மிஷினை ஓட்டினேன். முள் எட்டுக்கு வந்ததும் வாசலுக்கு வந்து, அக்காவின் குடத்துக்கு மேலாகக் குழாயைத் திறந்தேன். காற்று குடத்துக்குள் புகுந்து சங்கு ஊதியது. எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். நான் பெருமையோடு நிமிர்ந்த அந்த நொடியில், குழாய் ஒரு தும்மல் போட்டு, ஒரு உள்ளங்கை அளவு தண்ணீரைக் குடத்துக்குள் துப்பியது.

அக்கா குடத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"வருதுல்ல" என்றார். "முதல்ல காத்து வந்து, பிறகு தண்ணி வரும். நம்ம கார்ப்பரேஷன் குழாயும் அப்படித்தான வரும்."

எனக்கும் அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. மிஷினில் நான் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. எங்கிருந்து வந்தது? அலுவலகத்தில் அன்றும் மறுநாளும் எனக்கு அதே யோசனை. கோப்புக்கு நூல் கட்டும்போது என் விரலையும் சேர்த்துக் கட்டினேன். செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வீணான அந்த ஒரு துண்டுக் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கோரிப்பாளையம் போனேன். துண்டு எதற்கென்றால், தண்ணீர் வராமலிருக்க இதில் ஏதாவது மாட்டலாமா என்று பாயிடம் கேட்பதற்கு.

பாய் ஒரு லாரி டியூபைத் தொட்டியில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"காத்துலயே தண்ணி இருக்கு சார். ஈரத் துண்ட முறுக்கிப் பிழிஞ்சா சொட்டுமுல்ல? மிஷினு காத்தப் பிழியுது. சூடாப் போற காத்து குழாய்க்குள்ள ஆறுது, ஆறுனதும் சொட்டுது. இந்த ஐப்பசி மாசத்துக் காத்துல செம்பு செம்பாப் புடிக்கலாம்."

"அப்ப எங்க வளவுல சொன்னது சரிதானா? நான் தண்ணிக் குழாய்தான் போட்டிருக்கேனா?"

"பாதி சரி" என்று மறுபடியும் சிரித்தார். "குழாயக் கொஞ்சம் சரிவாப் போடுங்க. சரிவு முடியிற எடத்துல கீழ ஒரு முழம் தொங்கவிட்டு ஒரு திருகாணி வைங்க. தண்ணி அதுல சேரும், அப்பப்பத் திறந்து விட்ரலாம். காத்தக் குழாயோட மேல்பக்கத்துல இருந்து எடுங்க. என்ன குழாய் போட்டீங்க, அரை இஞ்சா, முக்காலா?"

நான் பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினேன்.

பாய் சிரிப்பை நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்துவிட்டு, துண்டை வாங்கி, நகத்தால் சுண்டிப் பார்த்தார். வெயிலில் காய்ந்த பக்கம் வெளுத்திருந்தது.

"இதுலயா காத்து அடைச்சிருக்கீங்க?"

"பத்து போட்டிருக்கு பாய். நம்ம மிஷினு எட்டுதானே."

"அந்தப் பத்து தண்ணிக்குச் சொன்ன பத்து. தண்ணி அமுங்காது சார். குழாய் விரிசல் விட்டா, பீச்சி அடிச்சுட்டு அடங்கிரும், சேலை நனையும், அம்புட்டுதேன். காத்து அமுங்கி உக்காந்திருக்கும், வில்லு மாதிரி. விரிசல் விட்டுச்சுன்னா நாப்பதடியும் சேந்து ஒரே நேரத்துல நிமிரும். இரும்புன்னா ஒரு ஓட்டை விழுந்து புஸ்ஸுனு போகும். இது கண்ணாடி மாதிரி சில்லுச் சில்லாப் பறக்கும்."

"கண்ணால பாத்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டேன். எனக்கு எதையும் பார்த்தால்தான் புத்தி வரும். பல நேரம் பார்த்த பிறகும் வராது.

பாய் எழுந்து கடைக்குப் பின்னாலிருந்த காலி இடத்துக்குப் போனார். இன்றைக்கு யாராவது இதைச் செய்து பார்க்கிறேன் என்று கிளம்பினால் நான் குறுக்கே படுத்துவிடுவேன். அன்றைக்கு நானே அவரை அவசரப்படுத்திக்கொண்டு நின்றேன். மூன்று லாரி டயர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் என் துண்டை வைத்தார். ஒரு முனையில் நான் ஒட்டிய மூடி, மறுமுனையில் காற்று டியூப். மேலே மண்மூட்டை போட்டு மூடி, ஒரு கடப்பாரை மட்டும் இறங்கும் அளவுக்குச் சந்து விட்டார். கடப்பாரையைக் கயிற்றில் கட்டி வேப்பங்கிளையில் தொங்கவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் சுவருக்குப் பின்னால் போனோம். துண்டில் காற்று ஏறியது. பாய் கயிற்றை விட்டார்.

தீபாவளிக்கு வெடிக்கிற வெடிச் சத்தம் எனக்குத் தெரியும். இது அந்த மாதிரி இல்லை. காதுக்குள் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. மூட்டையில் ஒன்று கிழிந்து மண் கொட்டியது. எதிர்ச்சாரியில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

போய்ப் பார்த்தோம். என் ஒரு முழத் துண்டு இல்லை. டயரின் உள்பக்கத்தில், லாரி பாரத்தையே தாங்குகிற ரப்பரில், சில்லுகள் குத்தி நின்றன. ஒன்றைப் பாய் குறடு வைத்துப் பிடுங்கினார். விரல் நீளம், முனை ஊசி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது எனக்கு வந்தது பயமில்லை, வியப்பு. இந்த ஒரு முழத்துக்குள் இம்புட்டு கோபம் எங்கே இருந்தது? நாற்பது அடிக்கு எவ்வளவு என்று வழக்கம்போல மனதுக்குள் பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மிஷின நிறுத்தீட்டுத்தான வந்தீங்க?" என்றார் பாய்.

"நிறுத்தியாச்சு."

"காத்த இறக்கிட்டீங்களா?"

இறக்கவில்லை. கரண்ட் செலவு செய்து அடைத்த காற்றை எதற்கு வீணாக்க வேண்டும் என்று, காலையில் ஓட்டிப்பார்த்துவிட்டு அப்படியே விட்டு வந்திருந்தேன். கடைக்குள் ஓடிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரை தாண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை தண்ணீர் நாள். இந்நேரம் ஆறு வீட்டுப் பெண்களும் என் காற்றுக் குழாயை ஒட்டித்தான் நிற்பார்கள்.

"குழாயத் தொடாதீங்க. முதல்ல ஆளுகள அப்புறப்படுத்துங்க, பிறகு மிஷின்லயே திறந்து இறக்குங்க" என்று பாய் பின்னாலிருந்து சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. சில்லைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். நான் அந்த மாதிரி மிதித்ததில்லை. பாலத்தில் ஒரு டவுன் பஸ்ஸை முந்தினேன். பஸ் நின்றுகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

வளவுக்குள் நுழைந்தால், நினைத்ததைவிடக் கூட்டம். யாரோ ஒருவர் என் குழாயின் மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார். இன்னொருவர் அதைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நின்றார்.

"எல்லாரும் தள்ளிப் போங்க. இந்தக் குழாய் வெடிச்சிரும்" என்றேன்.

யாரும் நகரவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நேத்து காத்து, இன்னைக்கு வெடியா?" என்றார் முதல் வீட்டு அக்கா. "தண்ணி வர்ற நேரம் பாத்து எங்கள வெளிய அனுப்பீட்டு, உங்க லைன்ல பிடிச்சுக்கலாம்னு பாக்குறீங்க. நாங்க இங்கதேன் நிப்போம்."

"அக்கா, சத்தியமாச் சொல்றேன்."

"மோர் வரும்னும் சத்தியமாத்தான் சொன்னீங்க."

நான் ஒரு கணம் அந்தக் குழாயைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லி ஆகவில்லை. எனக்குக் கைவந்த தொழில் ஒன்று பாக்கி இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னேன்.

"சரி, இங்கயே நில்லுங்க. முனையில தண்ணி லாரி வந்து நிக்கிது. பக்கத்து வளவுக்காரங்க பிடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. உங்களுக்குச் சொல்லலாம்னுதான் ஓடி வந்தேன்."

குடங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பறந்தன. அரை நிமிடத்தில் நடை காலி. செங்கல்கள் மட்டும் வரிசையில் இருந்தன.

என் மனைவி மட்டும் போகவில்லை. குழாயை ஒட்டி, இடுப்பில் குடத்தோடு நின்றாள்.

"லாரி எந்த முனையில?"

"நீ போ, பாரு."

"மேல முனையா, கீழ முனையா?"

என் பொய்கள் ஒரு கேள்வி வரைக்கும் தாங்கும். இரண்டாவது கேள்விக்குத் தாங்காது. அது அவளுக்குத் தெரியும். நான் பைக்குள் கைவிட்டு அந்தச் சில்லை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"இதே குழாய்த் துண்டு. பாய் கடையில வெடிச்சது. லாரி டயருல குத்தி நின்னுச்சு."

அவள் சில்லைப் பார்த்தாள், சுவரிலிருந்த குழாயைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நேரே வாசலுக்குப் போய், வெளியே நின்று, கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நான் வீட்டுச் சுவரை ஒட்டியே குனிந்து ஓடி, மிஷினின் அடித் திருகாணியைத் திறந்தேன். காற்று சீறிக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. எட்டு, ஏழு, ஆறு. முள் அவ்வளவு மெதுவாக நகரும் என்று நான் அறிந்ததில்லை. அதற்குள் வாசலில் கூட்டம் திரும்பிவிட்டது தெரிந்தது. கதவில் குடத்தால் தட்டும் சத்தமும், என் பரம்பரையைப் பற்றிய விசாரணையும் கேட்டன.

"அஞ்சு நிமிசம் பொறுங்கக்கா. என்னைத் திட்டிக்கிட்டே இருங்க" என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள்.

முள் பூஜ்யத்தில் படுத்த பிறகு கதவு திறந்தது. முதல் வீட்டு அக்கா என்னை நோக்கி வந்த வேகத்தைப் பார்த்து, குழாயே வெடித்திருக்கலாம் என்று தோன்றியது. என் மனைவி நடுவில் வந்து சில்லை நீட்டினாள். அக்கா அதை வாங்கிக் கட்டை விரலில் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு தன் வழக்கமான இடத்தில் போய் நின்று, கையை உயர்த்திச் சுவரில் அளந்தார்.

"என் காதுக்கு நேரா இருக்கு" என்றார்.

அதற்கு மேல் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வாரமே பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி மாப்பிள்ளையின் கிணற்றுக்கே திருப்பி அனுப்பினேன். முக்கால் அங்குல இரும்புக் குழாய், வாசலை நோக்கி லேசான சரிவு, முடிவில் தண்ணீர் சேர ஒரு முழத் தொங்கல், மேல்பக்கத்திலிருந்து காற்றுக்கு ஒரு வளைவு என்று பாய் சொன்னபடி, அவரையே கூட்டிவந்து போட்டேன். நான் சணல் சுற்றிக்கொடுத்தேன். அதையும் அவர் பிரித்து மறுபடி சுற்றினார்.

"இதையும் காத்தடைச்சுச் சோதிக்கக் கூடாது. முதல்ல தண்ணிய நிரப்பி, கைப்பம்பால பன்னண்டு வரைக்கும் ஏத்திப் பாக்கணும். எங்க விட்டாலும் கசியும், பறக்காது" என்றார் பாய்.

நிரப்ப நாலைந்து லிட்டர் வேண்டும். எங்கள் வீட்டில் அன்றைக்குக் குடிக்கவே அவ்வளவுதான் இருந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, முதல் வீட்டு அக்கா உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீரோடு வந்தார்.

"ஊத்துங்க. கடைசில தண்ணிக் குழாய்தான்னு ஆகிப்போச்சு."

பின்னாலேயே மற்ற வீடுகளிலிருந்தும் செம்புகள் வந்தன. குழாய் நிரம்பியது. பாய் பம்பை அழுத்த, முள் பன்னிரண்டுக்கு ஏறி நின்றது. ஆறு வீட்டுக்காரர்களும் நாற்பது அடியையும் பங்குபோட்டுக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை.

மறுநாள் சாயங்காலம், தண்ணீர் வரும் நேரத்துக்கு முன்பே, குழாயிலிருந்த தண்ணீரை வடித்துவிட்டு, மிஷினை ஓட்டி எட்டுக்கு ஏற்றினேன். யாரும் நடைக்கு வரவில்லை. குடங்கள் அவரவர் வாசற்படியிலேயே இருந்தன. அக்கா மட்டும் கதவோரம் நின்று, "முதல்ல நீங்க" என்றார்.

ஒரு முக்காலியைக் கொண்டுபோய், கார்ப்பரேஷன் குழாயடியில், இரும்புக் குழாய்க்கு நேர் கீழே போட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே பக்கத்தையே அரைமணி நேரம் வைத்திருந்தேன். தலைக்கு மேலே இரும்பு சும்மா இருந்தது. கொஞ்ச நேரத்தில் என் மனைவி ஒரு மணையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரிக்க ஆரம்பித்தாள். அவள் கடைசிக் காயை உரித்து முடிக்கும்போது, அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தார்.

"முக்காலியத் தள்ளிப் போடுங்க" என்றார். "தண்ணி வர்ற நேரம்."